மாமனுக்கு எரிந்த பச்சை விளக்கு

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் சொந்தத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கவுன்சிலில், வாகனத் தண்டப்பணப் பிரிவில், தொலைபேசி எடுப்பது என் வேலை. காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை கிழக்கு லண்டனில் பாதிப்பேர் என்னைத் திட்டுவார்கள். அவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்க, பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்கு வருவேன். ஆகையால் என் பங்குக் கோபம் முழுவதும் வீட்டாருக்கென்றே மிச்சம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதை யாரிடம், எதற்காகக் காட்டினேன் என்று இங்கே சொல்கிறேன். அஜந்தா சாமத்திய வீட்டைக் குழப்பினவள் என்று தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத் வரைக்கும் கதை போயிருக்கிறது. போகட்டும். நடந்ததையும் யாராவது கேட்க வேண்டும்.

என் கணவர் லதீசனுக்கு ஒரே ஒரு அக்கா, பிரியந்தி. எனக்கு மச்சாள். செவன் கிங்ஸில் வீடு. அவருடைய மகள் ஆரணி பெரிய பிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு செய்ய வேண்டும். எங்கள் ஆட்களுடைய சாமத்திய வீட்டில் தாய்மாமன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. தேங்காய் உடைப்பது மாமன். தலைக்குத் தண்ணீர் வார்ப்பது மாமன். பிள்ளையைக் கையில் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டி வருவதும் மாமன். முதல் ஆலாத்தி எடுப்பது மாமி. ஆரணிக்கு இருக்கும் ஒரே மாமன் லதீசன். மாமி நான்.

அந்த ஞாயிறுக்கு மூன்று கிழமைக்கு முன்னால் மச்சாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அஜந்தா, ஹோல் எடுத்தாச்சு. சில்வர் டைட்."

நான் கறிக்குள் விட்ட கரண்டியை எடுக்க மறந்து நின்றேன்.

"எந்த சில்வர் டைட்?"

"ஆத்தங்கரை ஹோட்டல் தான். வேறை எது?"

"அது கசினோ எல்லே மச்சாள்."

"கசினோ ஒரு பக்கத்திலை கிடக்கும். அது எங்களை என்ன செய்யுது? ஹோலைப் பாத்தனீரெண்டா வாயைப் பிளப்பீர்."

பிறகு ஒரு மூச்சில் அடுக்கினார். ஹோட்டலுக்குச் சொந்தமாகப் படகுத்துறை இருக்கிறதாம், பிள்ளை தேம்ஸ் ஆற்றில் படகில் வந்து இறங்கலாம். கண்ணாடி லிஃப்ட். ஆளுயரத்துக்குச் சொக்லேட் ஊற்று. முதல் நாள் பிள்ளைக்கும் தாய்க்கும் ஸ்பாவில் இலவச மசாஜ். வெந்நீர் நீச்சல் குளம், நீராவி அறை, மொட்டை மாடியில் புல்தரை. பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்களுக்கு அறை வாடகையில் விலைக்கழிவு. எல்லாவற்றுக்கும் மேலே, இருநூறு பெரியவர்களுக்கு மேல் வந்தால் ஹோல் வாடகை பாதி.

"ஏன் பாதிக்குத் தாறாங்கள் எண்டு யோசிச்சனீங்களோ?" என்றேன்.

"தமிழ் ஆக்களிலை மரியாதை," என்றார் மச்சாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை! அந்த ஹோட்டல் எங்கள் வீட்டுக்குச் செய்த மரியாதை மச்சாளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

லதீசன் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூட வேலை செய்கிறவர்களோடு மலிவான மத்தியானச் சாப்பாட்டுக்கென்று முதலில் அங்கே போனார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். பிறகு சாப்பாடு இல்லாமலும் போனார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தான் வேலைக்கு ஓட்டிப்போகும் வானைக் களவெடுத்துவிட்டார்கள் என்றார். டைல்ஸ் வெட்டும் மெஷின், தளவாடங்கள் எல்லாம் அந்த வானுக்குள் இருந்தன. நான்தான் அவரைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்து பார்த்தேன், கள்ளன் எவ்வளவு உயரம், என்ன நிறச் சட்டை என்று என் புருஷன் அந்தப் பொலிஸ்காரிக்கு விபரம் சொல்லிக்கொண்டிருந்தார். கள்ளனும் இல்லை, சட்டையும் இல்லை. வானை அவரே விற்று அந்த மேசைகளில் கொட்டியிருந்தார்.

அது தெரிய வந்த நாளில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் இரண்டு பேரும் சில்வர் டைட்டுக்குப் போனோம். இனிமேல் என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஆடுகிறவனே எழுதிக் கொடுக்க ஒரு பத்திரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைத் தடைப் பத்திரம் என்போம். லதீசன் அதில் கையெழுத்து வைத்தார், அவருடைய முகத்தைப் படம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தரம்கூட அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நான் கைபேசியைச் சோதிப்பதை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐந்து மாதம் ஒழுங்காக நித்திரை கொண்டேன் என்று அதற்கு அர்த்தம்.

ஹோல் பார்க்க எங்களையும் வரச் சொன்னார் மச்சாள். மாமனும் மாமியும் பார்க்காமல் எப்படி என்றார். மண்டபத்துக்குத் தனி வாசல் இருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். எங்கள் ஆட்கள் ஒரு ஹோல் எடுக்கும்போது எல்லாம் பார்ப்பார்கள். நல்ல நேரம் பார்ப்பார்கள். மரக்கறிக்குத் தனிச் சட்டி உண்டா என்று கேட்பார்கள். கார் விட இடம், மேடையின் அகலம், மணவறை மாதிரிச் சோடினையை ஏற்ற லிஃப்ட் போதுமா என்பது வரைக்கும் நூல் பிடித்து அளப்பார்கள். வாசலில் யாரை விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பத்திரிகை கொடுத்து அழைத்தவர்கள் வருவார்கள், அதில் என்ன கேள்வி என்பது எங்கள் நினைப்பு.

வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் தலையில் கமரா. ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும். மச்சாள் பார்த்தார், பச்சை விளக்கு. நான் பார்த்தேன், பச்சை. லதீசன் பார்த்தார். சிவப்பு எரிந்தது. கூடவே டிங் என்று ஒரு சின்னச் சத்தம். கறுப்புக் கோட்டுப் போட்ட காவலாளி ஒருவர் மரியாதையாக வந்து அவரை வெளியே நிற்கச் சொன்னார். லதீசனின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மனேஜர் ஓடி வந்தார். ஸ்ரீனிவாஸ் என்று பெயர், கோயம்புத்தூர்க்காரர், நல்ல பிள்ளை மாதிரித்தான் தெரிந்தது.

"ஸாரி மேடம். ஹாலுக்கு கேசினோ ஃப்ளோர் வழியாத்தான் போகணும், வேற வழி கிடையாது. அதனால சாரை விட முடியாது," என்றார். "ஆனா அவர் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருக்காரு. அது முடிஞ்சிருச்சு. அவரா நேர்ல வந்து எடுத்துடுங்கன்னு கையெழுத்துப் போட்டா, ஒரு நாள் கழிச்சு சிஸ்டம்ல க்ளியர் பண்ணிடுவோம்."

அவர் அதைச் சொன்னபோது நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். கணக்குப் போட்டு முடித்த ஆளின் முகம்.

கார் நிறுத்துமிடத்தில் வைத்தே தொடங்கிவிட்டார்.

"ஒரு கையெழுத்துத் தானேடா தம்பி. பிள்ளையின்ரை நாள் முடிஞ்சாப் பிறகு திருப்பி வையன்."

"ஏலாது மச்சாள்," என்றேன் நான்.

"நான் என்ரை தம்பியைக் கேக்கிறன்."

"தம்பி உங்கடை. வானை இழந்தது என்ரை வீடு."

"ரெண்டு வருசமாப் போகேல்லை. இனியும் அவனைக் குழந்தைப் பிள்ளை மாதிரி வைச்சிருக்கப் போறீரோ? பிரான்சிலை அகதி முகாமிலை கிடந்தவனை இஞ்சை எடுத்து, சோறு போட்டு, தொழில் பழக்கி விட்டது நான். மாமன் இல்லாமல் பிள்ளை மேடையேற, சயந்தன்ரை ஆக்கள் என்ரை முகத்திலை காறித் துப்புவினம்."

சயந்தன் என்பது மச்சாளின் கணவர். அவருடைய ஆட்கள் துப்புவார்கள் என்பதற்காக என் வீட்டுக்காரர் புலிக்கூண்டுக்குள் நடக்க வேண்டுமாம்.

லதீசன் காரின் கதவுப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாம் அக்கா. நான் வாசல் மட்டும் வாறன்," என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்படியே முடிவானது. தண்ணீர் வார்ப்பும் தேங்காயும் காலையில் செவன் கிங்ஸ் வீட்டில். மாமன் படகில் பிள்ளையோடு வந்து, வாசல் வரை கூட்டி வந்து, அங்கே தகப்பனின் கையில் கொடுப்பார். மச்சாள் சரி என்றார். ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சரி என்றார். மச்சாள் ஒரு நாளும் சண்டை பிடிக்காமல் எதையும் விட்டுக் கொடுத்தவர் அல்ல. அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் மூளையும் கவுன்சிலிலேயே தங்கிவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வார்ப்பு முடிந்ததும், ஆலாத்தித் தட்டுகளை ஆயத்தப்படுத்த நான் முன்னாலே ஹோட்டலுக்குப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கே முதல் அடி. வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்துவதுதான் ஆலாத்தி. நெருப்புக்கு அனுமதி இல்லையாம். திரிக்குப் பதிலாகப் பற்றரியில் மினுங்கும் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் விளக்குகளைப் பழத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். கண்ணூறு கழிக்கப் பற்றரி! பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினேன்.

இரண்டாவது அடி அதே அறையில் மேசை மேல் இருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பைகள், இருநூற்றுச் சொச்சம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குங்குமச் சிமிழ், மஞ்சள், ஒரு லட்டு, ஆரணியின் படம் போட்ட அட்டை. அட்டைக்குப் பின்னால் வெல்வெட் உறை. உறைக்குள் கசினோவில் காசுக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லை ஒன்று, பத்துப் பவுண் பெறுமதி. ஹோட்டலின் அன்பளிப்பு என்று பொன்னெழுத்தில் இருந்தது. வாடகை ஏன் பாதி என்ற கேள்விக்கு அதுதான் பதில். மஞ்சளோடும் குங்குமத்தோடும் சேர்த்து, ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையின் கையிலும் மச்சாள் அதை வைத்துக் கொடுக்கப் போகிறார்.

கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது. நேரம் இல்லை, படகு வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நான் ஓடிப்போய் வாசலுக்கு உள்ளே, கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெளியே மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. பிள்ளை மாம்பழ நிறக் கூறைச்சேலையில், தலை நிறைய நகையோடு, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். லதீசன் பட்டு வேட்டியில் அவளுடைய கையைப் பிடித்திருந்தார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. தகப்பன் சயந்தன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் பின்னால், கூட்டத்தோடு கதைத்துக்கொண்டு வந்தார்.

ஆரணி கமராவைப் பார்த்தாள். பச்சை. லதீசன் கமராவைப் பார்த்தார்.

பச்சை எரிந்தது.

காவலாளி கையை விரித்து உள்ளே வழி காட்டினார். மச்சாள் பின்னால் நின்று நிம்மதியாக மூச்சு விட்டார். இருநூறு பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. கையெழுத்து வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்தை ஒரு பேனா முனையால் துடைத்துவிட்டு, நேற்று இரவு என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

அங்கே மேளம் நின்றது. கசினோத் தளத்தில் மேளம் அடிக்கக் கூடாதாம், ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சலாம். பெரிய பிள்ளையான பெட்டையை, மங்கள வாத்தியம் இல்லாமல், செத்த வீட்டு அமைதியோடு கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் மெஷின்கள் மினுங்கின. பச்சை மேசைகளில் ஞாயிறு காலையிலேயே ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஒருவர் சூதாட்டத்தை நிறுத்தாமலே எங்கள் பிள்ளையைக் கைபேசியில் படம் எடுத்தார். நான் லதீசனின் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஏசி குளிரில் அவருக்குப் பிடரி வேர்த்திருந்தது. நடுவில் ஓர் இடத்தில் அவருடைய நடை மெதுவானது. ஆரணி கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு நடந்தார்.

மண்டபத்துக்குள் போனதும் மேளம் திரும்பத் தொடங்கியது. பிள்ளையைக் கதிரையில் இருத்திவிட்டு, வேட்டி நழுவுகிறது, இறுக்கிக் கட்ட வேண்டும் என்று லதீசன் அந்தச் சின்ன அறைக்குள் போனார். நாலு நிமிஷம். நான் மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே தெரியும். வந்து மேடையில் பிள்ளைக்குப் பின்னால் நின்றார்.

பாலும் அறுகும் வைத்தார்கள். பொட்டு வைத்தார்கள். ஆலாத்தி வந்தது. தட்டை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் நான். மறுபக்கம் சயந்தனின் அக்கா சிவமலர். சிவமலரக்கா தன் பக்கத்தைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. தட்டு சரிந்தது, ஒரு பழத்துண்டு உருண்டு விளிம்பில் நின்றது.

"மாமி, தட்டைத் தூக்குங்கோ. அப்பிடியே சிரிச்சுக்கொண்டு," என்றார் வீடியோக்காரர்.

நான் மேடையோரம் நின்ற ஸ்ரீனிவாஸைக் கண்ணால் கூப்பிட்டேன். அவர் குனிந்து வந்தார்.

"தம்பி, அந்தத் தடைப் பத்திரத்தைக் கொண்டு வாங்கோ."

"இப்பவா மேடம்?"

"இப்ப."

"டேப்லெட்ல இருக்கு, கொண்டு வர்றேன். ஆனா கையெழுத்துப் போட்டா சார் உடனே வெளிய போயாகணும். அது ரூல் மேடம்."

"தெரியும். ஆகக் கூட எவ்வளவு காலத்துக்கு வைக்கலாம்?"

"அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷத்துக்குக் கொண்டு வாங்கோ."

மச்சாள் மேடைக்கு ஏறி வந்தார். முகத்தில் சிரிப்பு, வாய்க்குள் நெருப்பு.

"என்ன கூத்து இது? பிள்ளையின்ரை நாளைக் குழப்பிறீர்."

"நான் ஒண்டும் குழப்பேல்லை மச்சாள். தட்டோடை நிக்கிறன். உங்கடை தம்பி கையெழுத்து வைச்சவுடனை தூக்குவன்."

"சாப்பாடு முடிய வைக்கட்டும். ஃபமிலிப் படம் எடுக்கவேணும்."

"இப்ப."

"வேறை ஆரையேன் கொண்டு எடுப்பிக்கிறன்."

"எடுப்பியுங்கோ. முதல் ஆலாத்தியை மாமி எடுக்கேல்லை எண்டு சயந்தன்ரை ஆக்களுக்கு நீங்களே சொல்லுங்கோ. மாமன் வேணும் எண்டு தானே இந்தப் பாடு? அப்ப மாமியும் வேணும்."

மச்சாள் சிவமலரக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருடைய பிடியால் அவரையே பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். நாதஸ்வரம் சுற்றிச் சுற்றி அதே வரியை வாசித்தது. திரி எரிந்து முடிந்துவிடும் என்ற அவசரமும் இல்லை, பற்றரி பொறுமையாக மினுங்கியது. கீழே இருந்தவர்கள் ஐயர் ஏதோ நேரம் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஆரணி தலையைத் திருப்பாமல் மெல்லச் சொன்னாள். "மாமி, மை நெக் இஸ் கில்லிங் மீ."

"ஒரு நிமிசம் குஞ்சு," என்றேன். பிள்ளைக்குச் செய்கிற பாவம் நெஞ்சைக் குத்தியது. அப்படியும் தட்டைத் தூக்கவில்லை.

லதீசன் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வைக்கு நான் பொலிஸ் நிலையத்திலேயே ஒரு தரம் ஏமாந்திருக்கிறேன். பிறகு அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு ஸ்ரீனிவாஸ் நீட்டிய டேப்லெட்டை வாங்கி, பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் குனிந்து, விரலால் கையெழுத்து வைத்தார். கறுப்புக் கோட்டுக் காவலாளி அவரைப் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியதும் நான் தட்டைத் தூக்கினேன்.

"அருமை மாமி," என்றார் வீடியோக்காரர்.

பெட்டையின் கண்ணைப் பார்த்து மூன்று தரம் சுற்றினேன். நல்லா இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் சுற்றினேன். அதில் கோபத்தைக் கலக்கவில்லை.

மற்ற ஆலாத்திகள் முடிந்து சனம் சாப்பாட்டுக்கு நெருங்கியபோது வெளியே போனேன். லதீசன் படகுத்துறையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக் காற்றுக்கு வேட்டி படபடத்தது. நான் பக்கத்தில் இருக்கவில்லை, முன்னால் நின்றேன்.

"எண்டைக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை. அக்கா வந்து ஏத்திக்கொண்டு போனவ."

"வேட்டி வாங்கப் போறம் எண்டு தானே சொன்னனீங்கள்?"

"வேட்டியும் வாங்கினனாங்கள்."

அந்த 'வேட்டியும்' என்ற சொல்லுக்கு அவரை அந்த ஆற்றுக்குள் தள்ளியிருக்கலாம். நான் வாயைத் திறக்குமுன் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு வில்லையை எடுத்து வாங்கில் வைத்தார். வெல்வெட் உறை இல்லை, வெறும் வில்லை. இன்னொன்று வைத்தார். இன்னொன்று. நான் எண்ணத் தொடங்கவே இல்லை, ஆனால் எண்ணிக்கை தானாக வந்தது. பதினொன்று.

அந்த நாலு நிமிஷம். வேட்டி இறுக்கப் போன அறை.

"எல்லாரும் சாப்பிட இருந்தாப் பிறகு ஆட இறங்குவம் எண்டு நினைச்சனான்," என்றார். "கொஞ்ச நேரம் தான் எண்டு. உள்ளை வரேக்கை பிள்ளை கையைப் பிடிச்சிருந்தவள். அவள் விட்டிருந்தா நான் மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டன் அஜந்தா."

அழுதார். ஆரணியின் குங்குமம் அவருடைய உள்ளங்கையில் இருந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. இரக்கம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தது. இந்த மனிதர் இரண்டு வருஷம் தன்னைத் தானே பிடித்து வைத்திருந்தார். அந்தப் பிடியை விரல் விரலாகக் கழற்றி, பட்டு வேட்டி கட்டி, நாதஸ்வரத்தோடு கூட்டி வந்து அந்த மேசைகளின் நடுவில் விட்டிருக்கிறார்கள். அதுவும் அவரை வளர்த்த கை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில்.

"இஞ்சையே இருங்கோ. கார்த் திறப்பைத் தாங்கோ," என்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன். பதினொரு வில்லையையும் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கமரா எனக்குப் பச்சை காட்டியது.

மச்சாள் மேடைக்கு முன்னால் இருந்த மேசையில் இருந்தார். பிள்ளையின் மாமன் எங்கே, படத்துக்கு நிற்கவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, லதீசனுக்குத் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய வலது கையைப் பிடித்தேன். மருதாணி போட்ட கை, முதல் நாள் ஸ்பாவில் எண்ணெய் பூசி மெருகேற்றிய கை. அதை விரித்து, வில்லைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்தேன். கை நிறைந்து இரண்டு மேசை விரிப்பில் விழுந்தன.

"என்ன இது?"

"பதினொண்டு. நீங்கள் கட்டி வைச்ச பையளிலை இருந்து உங்கடை தம்பி களவெடுத்தது. பிள்ளை மேடையிலை இருக்கேக்கை, பக்கத்து அறையிலை."

மச்சாள் கையைப் பார்த்தார். என்னோடு சண்டை பிடிப்பார் என்று நான் ஆயத்தமாக நின்றேன், இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குப் பேச என்னிடம் சரக்கு இருந்தது. அவர் கையை இழுக்கவில்லை. விரல்களை மடக்கவும் இல்லை.

வீடியோக்காரர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"பிள்ளையின்ரை அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இண்டைக்கு எல்லாம் எப்பிடி? ஹோட்டல் எப்பிடி?"

மச்சாள் நிமிர்ந்தார். கை அப்படியே விரிந்திருந்தது. கமராவின் சின்னச் சிவப்பு விளக்கு அவருடைய முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.